சனிக்கிழமை சம்பளமும் மனசோட பெட்ரோல் முள்ளும்

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் பி.என். ரோட்டில் ஏதாவது ஒரு பேக்கரி வாசலில் நின்று பாருங்கள். ஊரே கையில் காசோடு நடமாடும். மற்ற ஊர்களில் சம்பளம் என்றால் மாசக் கடைசி. நம்ம திருப்பூரில் வாரக் கடைசி.

பிளஸ் டூ வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருத்தன் இப்போது பனியன் கம்பெனியில் பேட்லாக் டெய்லர். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, பாதி நாள் ஒன்றரை ஷிப்ட். நான் மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல், கையில் இரண்டு அரியர். சனிக்கிழமை சந்திக்கும்போது டீக்கும் பப்ஸுக்கும் அவன்தான் காசு கொடுப்பான். நான் பர்ஸைத் தொட்டால், "நீ படிக்கிற பையன்டா, உள்ள வை" என்பான். பாசத்தில்தான் சொல்கிறான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வரியைக் கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று சர்ருன்னு கீழே இறங்கும்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் கிளாஸ் குரூப்பில் நான் போட்ட ப்ராஜெக்ட் வீடியோவுக்கு நாலு பேர் "செம மச்சி" என்று போட்டிருப்பார்கள். இறங்கியது மறுபடி ஏறிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் என் அறிவோ, குணமோ, அரியர் கணக்கோ எதுவும் மாறவில்லை. அப்புறம் எதுதான் ஏறி இறங்குது?

இதே கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் மார்க் லியரி என்ற அமெரிக்க உளவியலாளர். தன்மதிப்பு என்பதை ஒரு பாத்திரத்தில் நிரப்பி வைக்கிற பொருள் மாதிரிதான் பொதுவாகப் பேசுவார்கள். நிறைய இருந்தால் நல்லது, குறைந்தால் நிரப்பு, அவ்வளவுதான். லியரியும் அவருடைய சகாக்களும் 1995-இல் வேறு மாதிரி சொன்னார்கள். அது பொருள் இல்லை, ஒரு மீட்டர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சோஷியோமீட்டர். கூட்டத்தை விட்டு ஒதுக்கப்பட்டால் உயிர் பிழைக்கவே முடியாத காலம் மனித இனத்துக்கு ரொம்ப நீளமானது. அதனால், "என்னைச் சுத்தி இருக்கறவங்க என்னைச் சேர்த்துக்கறாங்களா, தள்ளறாங்களா" என்று ஓயாமல் அளந்து காட்டுகிற ஒரு கருவி மனசுக்குள் உருவாகியிருக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். வண்டியில் இருக்கும் பெட்ரோல் முள் மாதிரி.

இந்த உவமை நமக்கு வசதி. முள்ளும் பெட்ரோலும் ஒன்று இல்லை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழைய வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் முள் ஒரு கணக்குக் காட்டும், நேராக நிமிர்த்தினால் வேறு கணக்குக் காட்டும். டேங்குக்குள் இருப்பது அதே அரை லிட்டர்தான். மிதவை சாய்ந்ததால் வந்த மாற்றம் அது. (ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கும் "உன்னை நீ நம்பு" போஸ்டர்கள் எனக்கு வேலை செய்யாததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவை முள்ளைப் பார்த்துக் கத்துகின்றன.)

இந்த முள் எவ்வளவு லேசில் ஆடும் என்பதைக் காட்டியவர் கிப்ளிங் வில்லியம்ஸ். அவர் ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஃபிரிஸ்பீ தட்டு பறந்துவந்து மேலே பட்டது. எடுத்துத் திருப்பி எறிந்தார். விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அவரையும் சேர்த்துக்கொண்டு சில சுற்று எறிந்தார்கள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொண்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள். ஆனாலும் மனசு சுருங்கிப்போனதை அவர் கவனித்தார். அதையே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாக மாற்றினார். திரையில் மூன்று பேர் பந்து எறிவார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். சைபர்பால் என்று பெயர். 2000-ஆம் ஆண்டிலிருந்து இதை வைத்து ஏராளமான சோதனைகள் நடந்திருக்கின்றன. ஒதுக்கப்பட்டவர்களின் தன்மதிப்பும் மனநிலையும் சில நிமிஷத்திலேயே இறங்குவது திரும்பத் திரும்பத் தெரிந்தது.

நம்ம ஆட்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 2004-இல் அவரும் சகாக்களும், "உன்னோடு விளையாடுவது மனுஷன் இல்லை, வெறும் கம்ப்யூட்டர்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் முள் இறங்கியது! ஒரு லூப்பும் ரெண்டு இஃப் கண்டிஷனும் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதற்குக்கூட மனசு வாடுகிறது. அப்படியிருக்க, நம்மை விட்டுவிட்டு எட்டுப் பேர் ஊட்டிக்குப் போய் ஸ்டேட்டஸ் போட்டால் வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருப்பதில் என்ன ஆச்சரியம்? அதற்காக, "நான் ரொம்ப சென்சிடிவ் போல" என்று தன்னையே திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தக் கருவி செய்யப்பட்டதே அப்படித்தான்.

2007-இல் வந்த இன்னொரு சோதனை கொஞ்சம் கசப்பானது. ஒதுக்குகிறவர்கள் கு க்ளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டபோதும் விளையாடியவர்களுக்கு வலித்தது. நாம் வெறுக்கிற கூட்டம் ஒதுக்கினாலும் முள் இறங்கும். "அவனுக சேர்த்துக்கலைன்னா எனக்கென்ன" என்று வாய் சொல்லும். முள் கேட்காது.

இதை நம்ம ஊரோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. திருப்பூர் வளர்ந்ததே கூட்டாளிகளால்தான் என்பார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இந்த ஊரைப் பற்றி 2004-இல் எழுதிய புத்தகத்தின் பெயரே 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்'. சகோதரத்துவம்தான் மூலதனம் என்கிற மாதிரி. விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குத் தொழிலாளியாக வந்த கவுண்டர் சமூகத்து ஆண்கள் எப்படி முதலாளி ஆனார்கள் என்பது அதன் மையம். எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில், உழைப்பு. உழைப்பு உண்மைதான். ஆனால் அதே அளவு உழைத்த பெண்களும் தலித் தொழிலாளர்களும் அந்தச் சகோதர வட்டத்துக்குள் அப்படி வந்துவிட முடியவில்லை. வட்டத்துக்கு வெளியே நிற்பவரின் முள் தாழ்ந்து காட்டும். அதைப் பார்த்து, "எனக்குத்தான் தகுதி இல்லையோ" என்று அவர் நினைத்துக்கொள்வதுதான் கொடுமை. நம் கல்லூரி கேன்டீனில் யார் யாரோடு சாப்பிட உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் சும்மா கவனித்துப் பாருங்கள். சில மேஜைகள் ஏன் அப்படி அமைகின்றன என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

சரி, ஒதுக்குவது வலிக்கும். சேர்த்துக்கொண்ட நண்பன், உயிருக்கு உயிரானவன், அவன் ஏன் வலிக்க வேண்டும்? என் சனிக்கிழமைச் சிக்கல் இதுதானே. அவன் என்னைத் தள்ளவில்லை. டீ வாங்கித் தருகிறான்.

இதற்கு ஆபிரகாம் டெஸ்ஸர் என்பவரிடம் பதில் இருக்கிறது. 1980-இல் அவரும் ஸ்மித் என்பவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை நண்பரோடு ஜோடியாக வரச் சொல்லி, ஒரு சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு வைத்தார்கள். ஒருவர் துப்புக் கொடுக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். சுலபமான துப்பும் இருக்கும், கஷ்டமான துப்பும் இருக்கும். எதைக் கொடுப்பது என்பது கொடுப்பவர் இஷ்டம். "இது சும்மா விளையாட்டு" என்று சொன்னபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்குச் சுலபமான துப்பு கிடைத்தது. எதிர்பார்த்ததுதான். "இது உங்கள் முக்கியமான திறமையைக் காட்டும் சோதனை" என்று சொன்னபோது நிலைமை தலைகீழ். தெரியாத ஆளுக்குக் கொடுத்ததைவிடக் கஷ்டமான துப்பை நண்பருக்குக் கொடுத்தார்கள்.

படித்ததும் எனக்கு 'நண்பன்' படத்தில் வருகிற ரிசல்ட் போர்டு சீன்தான் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டுக் கடந்துபோகிற சீன் அது. டெஸ்ஸர் அதை மூன்று திருகுகளாகப் பிரித்து வைக்கிறார். அந்த ஆள் எனக்கு எவ்வளவு நெருக்கம், அவன் என்னைவிட எவ்வளவு நன்றாகச் செய்கிறான், அவன் செய்வது எனக்கு எவ்வளவு முக்கியமான விஷயம். மூன்றாவது திருகு தளர்ந்திருந்தால், அதாவது அது என் துறையே இல்லை என்றால், நண்பனின் வெற்றி எனக்கும் பெருமை. ஸ்கூலில் கூடப் படித்தவன் மாவட்டக் கபடி டீமில் ஆடினால், "நம்ம பையன்டா" என்று ஊரெல்லாம் சொல்லுவோம், நாம்தான் ஆடிய மாதிரி. அதே திருகு இறுகியிருந்தால் நண்பனின் வெற்றிதான் உலகத்திலேயே அதிகம் குத்தும். முகம் தெரியாத ஒருத்தன் பெரிய பேக்கேஜில் பிளேஸ் ஆனால் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போவோம். ரூம்மேட் பிளேஸ் ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். டெய்லருக்கும் பக்கத்தில் இருக்கிற கைமடிக்கும் நடுவில் போட்டி வராது. ஒருத்தர் மடித்துக் கொடுக்க, இன்னொருத்தர் தைக்க, ஒரே பீஸ் முடிய இரண்டு பேர் கையும் வேண்டும். பீஸ் ரேட்டில் ஒரே வேலையைச் செய்கிற இரண்டு டெய்லர்கள் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தால் கதை வேறு. சாயங்காலம் யார் எத்தனை பீஸ் என்ற எண்ணிக்கை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்லூரியில் நாம் எல்லோருமே ஒரே ஆபரேஷன் தைக்கிற டெய்லர்கள். ஒரே சிலபஸ், ஒரே சிஜிபிஏ, ஒரே கம்பெனி டிரைவ். பிளேஸ்மென்ட் சீசனில் நல்ல நட்புகள் காரணமே தெரியாமல் கசப்பதற்கு நம் மனசு கெட்டதால் என்று அர்த்தமில்லை. மூன்று திருகும் ஒரே நேரத்தில் இறுகுகிற காலம் அது.

டெஸ்ஸர் சொல்லும் அடுத்த விஷயம்தான் என்னை நெளிய வைத்தது. இந்த வலியைக் குறைக்க மனசு தானாகவே ஏதாவது ஒரு திருகைத் தளர்த்தப் பார்க்குமாம். "எனக்கு அதெல்லாம் முக்கியமே இல்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். நண்பனைக் கொஞ்சம் தடுக்கி விடலாம், கஷ்டத் துப்புக் கொடுத்த மாதிரி. இன்டர்வியூ லிங்க்கை லேட்டாக ஃபார்வர்ட் பண்ணுவது இந்த வகை. இல்லையென்றால் நெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நான் செய்தது கடைசி ரகம். போன ஜனவரியிலிருந்து அவன் போனை எடுப்பதைக் குறைத்தேன். சனிக்கிழமை லேப் ரெக்கார்ட் எழுத வேண்டும் என்று பொய் சொன்னேன். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சம்பாதிப்பது என்ற விஷயம் எனக்கு எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதை நானே ஒத்துக்கொள்ளாமல், அவனைத் தள்ளி வைத்தேன்.

தள்ளி வைத்தால் வலி குறையுமா? ஒப்பிடுகிற வலி குறையும். அதற்குக் கொடுக்கிற விலை பெரிது. ஜூலியான் ஹோல்ட் லன்ஸ்டாடும் சகாக்களும் 2010-இல் 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலம் முடியும்வரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50% அதிகம். அப்புறம் புது நட்பு என்பது நினைத்தவுடன் வருவதும் இல்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார். அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். அதிலும் சேர்ந்து சும்மா பொழுது போக்குகிற நேரத்துக்குத்தான் மதிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து லெக்சர் கேட்ட நேரம் பெரிதாகச் சேராது. பல்லடத்திலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் காலேஜ் பஸ்ஸில் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த அரட்டை முழுக்கக் கணக்கில் வரும்.

ஆக, நண்பனை விடவும் முடியாது, முள் ஆடுவதை நிறுத்தவும் முடியாது. நடுவில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைக் காட்டியவர் ஷெல்லி கேபிள். துக்கத்தில் தோள் கொடுப்பவன்தான் நண்பன் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். கேபிள் காதல் ஜோடிகளை வைத்து ஆராய்ந்து 2006-இல் சொன்னது இது: கெட்ட செய்திக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைவிட, நல்ல செய்திக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்பதுதான் அந்த உறவு எப்படிப் போகும் என்பதை நன்றாகக் காட்டியது. நம்ம பாஷையில் போட்டுப் பார்ப்போம்.

"மாப்ள, எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சிருச்சு."

"ஓ, சூப்பர்டா." போனைப் பார்த்துக்கொண்டே.

"அங்கயா? காபி வாங்கிட்டு வரச் சொல்லுவானுக, பாத்து."

"அத விடு, நாளைக்கு அசைன்மென்ட் முடிச்சுட்டியா?"

"டேய்! எப்படிடா? இன்டர்வியூல என்ன கேட்டாங்க? அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

நான்காவது பதில் மட்டும்தான் உறவை வளர்க்கிறது. முதல் பதில் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அது பெரும்பாலும் மற்ற இரண்டோடுதான் சேர்கிறது. நான்காவதில் பாராட்டே இல்லை, கவனித்தீர்களா? மூன்றும் கேள்விகள். அந்த நிமிஷத்தை அவன் இன்னொரு தடவை வாழ இடம் கொடுக்கிறது. பொறாமை இருக்கும்போதுகூட இதைக் கேட்டுவிடலாம் என்பது என் அனுபவம். கேள்வி கேட்கப் பெரிய மனசு வேண்டியதில்லை.

துக்கத்தைப் பகிர்வதற்கு வருவோம், ஏனென்றால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, ஒரு நூல் மில் ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்தாள். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்களைச் சேர்க்கும் சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியே போகக் கட்டுப்பாடு, போனுக்குக் கட்டுப்பாடு என்று அந்த ஹாஸ்டல்களைப் பற்றி 2011-இல் சோமோ என்ற நெதர்லாந்து அமைப்பு இன்னொரு அமைப்போடு சேர்ந்து அறிக்கையே வெளியிட்டது. அக்கா இருந்த இடமும் அப்படித்தான். ரூமில் இருந்த இன்னொரு பொண்ணுதான் அவளுக்கு எல்லாம். "அவ இல்லைன்னா நான் ஓடி வந்திருப்பேன்" என்பாள். அடுத்த மூச்சில் சொல்வாள்: "ஆனா ராத்திரி ஆனா ரெண்டு பேரும் சூப்பர்வைசர் திட்டுனதையே பேசுவோம். திரும்பத் திரும்ப அதேதான். பேசப் பேச லேசாகும்னு பார்த்தா, சில நாள் விடியற வரைக்கும் தூக்கமே வராது."

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் அமண்டா ரோஸ் என்பவர் ஆராய்ந்தது சரியாக இதைத்தான். ஒரே பிரச்சினையை இரண்டு நண்பர்கள் சேர்ந்து விடாமல் அரைத்துக்கொண்டே இருப்பதை அவர் 2002-இல் தனியாகப் பிரித்துக் காட்டினார். 2007-இல் 813 பள்ளி மாணவர்களை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார். அப்படி அரைக்கிற பெண் பிள்ளைகளுக்கு நட்பு இன்னும் நெருக்கமானது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. ஆண் பிள்ளைகளுக்கு நெருக்கம் மட்டும் கூடியது. இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் வெளியே வர மனசு வராது. பேசுவது சுகமாக இருக்கிறது, பேசி முடித்ததும் பாரம் கூடியிருக்கிறது. அக்காவுக்குக் கடைசியில் உதவியது ரொம்பச் சின்ன விஷயம். லைட்டை அணைத்த பிறகு மில் பேச்சுக் கிடையாது என்று இரண்டு பேரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் அந்தப் பொண்ணு தான் பார்த்த படத்தின் கதையைச் சீன் விடாமல் சொல்லுமாம்.

நண்பனால் தாங்க முடியாத பாரமும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், அது டீக்கடையில் தீருகிற விஷயம் இல்லை. 14416-க்குப் போன் பண்ணலாம். இலவசம், தமிழில் பேசலாம். 2022-இல் தமிழக அரசு இந்தச் சேவையைத் தொடங்கியபோது வைத்த பெயர் 'நட்புடன் உங்களோடு'. நண்பனாக நம்முடைய வேலை அந்தப் போனை அவன் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

என் கதைக்கு வருகிறேன். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மிஷின் மோட்டார் பாக்ஸில் ஏதோ எரர் காட்டுகிறது, மெக்கானிக் வர லேட்டாகும், பீஸ் போய்க்கொண்டிருக்கிறது, "உனக்கு ஏதாவது தெரியுமாடா?" பவரை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, போட்டோ அனுப்பச் சொல்லி, மேனுவலைத் தேடிப் பார்த்தேன். பெடலிலிருந்து வருகிற கனெக்டர் லூஸ். அழுத்தி மாட்டியதும் ஓடிவிட்டது. அந்தச் சனிக்கிழமை லேப் ரெக்கார்ட் பொய் சொல்லாமல் போனேன். லைன் பூராவும், "என் ஃப்ரெண்டு இன்ஜினியர்" என்று சொல்லி வைத்திருக்கிறான். அப்புறம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "நீ காலேஜ் கதை சொல்றப்பெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்டா. நாம தச்சுக்கிட்டே கெடக்குறோமேன்னு. அதான் டீ காச நானே குடுத்துர்றது."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு அரியர் கிளியர் ஆனதை மட்டும் சொன்னேன், ஹீட் டிரான்ஸ்ஃபர். அவன் பப்ஸைக் கீழே வைத்துவிட்டு, "டேய், எப்படிடா? அதுல என்னதான் வரும், சொல்லு" என்றான். அவன் கம்பெனி அயர்னிங் டேபிளையும் ஸ்டீமையும் வைத்து விளக்க ஆரம்பித்தேன். பாதியில், "அப்ப பாய்லர் பைப்புக்குத் துணி சுத்தி வெச்சிருக்கானுகளே, அது அதுக்குத்தானா?" என்று கேட்டான். அதுக்குத்தான். இன்னொரு டீ சொன்னோம், அதுக்கு நான் காசு கொடுத்தேன்.